அணைக்கு மேலே ட்ரோன் ஏன் பறக்கக் கூடாது? மலையகத்தாருக்கு ஓர் எளிய விளக்கம்

ஹட்டனிலோ நாவலப்பிட்டியிலோ கல்யாணப் படம் பிடிப்பவரிடம் விலை கேட்டால், ஆல்பத்தில் எத்தனை பக்கம் என்று சொல்வதற்கு முன்பே “ட்ரோன் வேண்டுமா?” என்று கேட்டுவிடுகிறார். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துக்கு ரயில் வரும் நேரம் பார்த்துப் போனால், ரயிலின் ஓசையோடு தலைக்கு மேல் இன்னோர் இரைச்சலும் சேர்ந்துகொள்கிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளை விடுமுறைக்கு வரும்போது சொக்லட்டும் வாசனைத் திரவியமும் வந்த பெட்டியில் இப்போது ட்ரோனும் வருகிறது.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் மலைகளை மேலிருந்து பார்ப்பதில் ஓர் அழகு இருக்கத்தான் செய்கிறது. சிக்கல் வேறிடத்தில் தொடங்குகிறது. தலவாக்கலையில் சென்கிளேயர் நீர்வீழ்ச்சியைப் படம் பிடிக்க ஒருவர் ட்ரோனை ஏற்றுகிறார். அது மெல்ல நகர்ந்து மேல் கொத்மலை அணைப் பக்கம் போகிறது. காவலர் வந்து நிறுத்தச் சொன்னால் அவர் உடனே சொல்லும் பதில்: “நான் அருவியைத்தானே எடுத்தேன், அணையை எடுக்கவில்லையே!” உண்மையாகவே அவர் அருவியை மட்டும்தான் எடுத்திருப்பார். ஆனாலும் காவலர் அவரைத் தடுத்தது சரிதான். இந்த இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும் என்பது புரிந்துவிட்டால், ட்ரோன் தடை வலயம் என்பதன் முக்கால் பங்கு புரிந்துவிடும்.

காவலரின் அரை நிமிடம்

அணையில் காவலுக்கு நிற்பவரின் இடத்தில் நின்று பாருங்கள். கடைகளில் அதிகம் விற்கும் சிறிய ட்ரோன், கைகளை விரித்தாலும் ஓர் அடிக்கோலின் நீளம்தான் வரும். நூற்றைம்பது மீற்றர் தள்ளிப் போனால் அது வானத்தில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் கமரா மட்டும் இருக்கிறதா, வேறு ஏதாவது கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறதா என்று வெறுங்கண்ணால் சொல்ல முடியாது. அதை இயக்குபவர் கல்யாணக்காரரா, யூடியூப் காரரா, கெட்ட எண்ணத்தோடு வந்தவரா என்பது அறவே தெரியாது. நம்பர் பிளேட் இல்லை. கண்ணாடியைத் தட்டிக் கேட்க ஓட்டுநரும் இல்லை. அவர் எதிர்மலையில் எங்கோ ஒரு தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்.

இதற்கு மேல் வேகம். இத்தகைய ட்ரோன்கள் வினாடிக்குப் பதினைந்து மீற்றர், அதாவது மணிக்கு 54 கிலோமீற்றர் வேகத்தில் சாதாரணமாகவே பறக்கும். அரைக் கிலோமீற்றருக்கு அப்பால் காவலர் கண்ணில் பட்டது, அரை நிமிடத்தில் அவர் தலைக்கு மேல் வந்துவிடும். அந்த அரை நிமிடத்துக்குள் அவர் அதைப் பார்த்து, எண்ணி, மேலிடத்துக்குச் சொல்லி, அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

தடை வலயம் தீர்க்க நினைப்பது இந்தச் சிக்கலைத்தான். அணையைச் சுற்றிச் சில கிலோமீற்றருக்கு அனுமதியில்லாமல் எதுவும் பறக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், காவலர் யாருடைய மனத்தையும் படிக்க வேண்டியதில்லை. உள்ளே ஒன்று பறக்கிறது என்றால் ஒன்று அதற்கு அனுமதி இருக்க வேண்டும், அல்லது அது விசாரிக்கப்பட வேண்டும். மூன்றாவது வகை கிடையாது. அரை நிமிடமாக இருந்த அவகாசமும் சில நிமிடங்களாக நீள்கிறது. நல்லவர்கள் எல்லாரும் விலகி நின்றால்தான் விலகாத ஒருவர் கண்ணில் படுவார். அருவியை எடுத்த நண்பரைத் தடுப்பது அவர்மேல் உள்ள சந்தேகத்தால் என்று நினைக்க வேண்டியதில்லை. அவர் அங்கே பறப்பதால் சந்தேகப்பட வேண்டியவரைக் கண்டுபிடிக்க முடியாமல் போகிறது என்பதால்தான்.

தெளிவில்லாத ஒரு புள்ளி எவ்வளவு இழப்பை உண்டாக்கும் என்பதற்கு லண்டன் கெட்விக் விமான நிலையம் சாட்சி. 2018 டிசம்பரில், நத்தார் பண்டிகைக்கு முந்திய வாரத்தில், ஓடுபாதை அருகே ட்ரோன் தெரிந்ததாகத் தகவல் வந்தது. ஏறத்தாழ ஆயிரம் விமானப் பயணங்கள் குலைந்தன. 1,40,000 பேர் அளவில் பயணிகள் அல்லாடினார்கள். எந்த விமானத்திலும் எதுவும் மோதவில்லை. இயக்கியவர் யாரென்று கடைசிவரை கண்டுபிடிக்கவும் முடியவில்லை. ஐயம் ஒன்றே ஒரு பெரிய விமான நிலையத்தை மூடப் போதுமானதாக இருந்தது.

வானத்தில் கோடு போடுவது எப்படி?

நிலத்தில் வேலி போடலாம். வானத்துக்கு வேலி என்பது ஒரு வரைபடமும் ஓர் அறிவித்தலும்தான். இதன் வேர் நாம் நினைப்பதைவிடப் பழையது. 1944 டிசம்பரில் சிகாகோ நகரில் கையெழுத்தான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையே இன்றும் உலக வான்சட்டத்தின் அடித்தளம். விமானியில்லாத வானூர்தி எதுவும் ஒரு நாட்டின் விசேட அனுமதியின்றி அந்நாட்டின் மேல் பறக்கக் கூடாது என்கிறது அதன் எட்டாம் உறுப்புரை. இன்றைய ட்ரோன்களை அன்று எவரும் கனவில்கூடக் கண்டிருக்க மாட்டார்கள். ஒன்பதாம் உறுப்புரை, இராணுவத் தேவைக்காகவோ பொதுமக்கள் பாதுகாப்புக்காகவோ தன் நிலத்தின் சில பகுதிகளுக்கு மேல் பறப்பதை ஒரு நாடு தடுக்கலாம் என்கிறது. ஆக, பொதுமக்கள் பாதுகாப்பு என்ற காரணம் நேற்று முளைத்ததன்று.

இப்படித் தடுக்கப்படும் பகுதிகளை உலகம் முழுவதும் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். முதலாவது முழுத் தடை வலயம்: அதற்குள் பறக்கவே கூடாது. இரண்டாவது மட்டுப்படுத்திய வலயம்: சொல்லப்பட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பறக்கலாம். மூன்றாவது அபாய வலயம்: குறித்த நேரங்களில் அங்கே பறப்பவருக்கே ஆபத்தான வேலைகள் நடக்கும். துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சித் திடல் இதற்கு நல்ல உதாரணம்; அங்கே ஆபத்து கீழிருந்து மேலே போகிறது.

எந்த வகையானாலும் வலயத்துக்கு நான்கு எல்லைகள் உண்டு. எந்தப் புள்ளியை மையமாகக் கொண்டு எவ்வளவு தூரம், எந்த உயரத்தில் தொடங்குகிறது, எந்த உயரத்தில் முடிகிறது, எந்த நாள் எந்த நேரம். ஒரு டம்ளரை அணையின் மேல் கவிழ்த்து வைத்ததாக நினைத்துக்கொள்ளலாம். மிக உயரத்தில் செல்லும் பயணிகள் விமானம் அந்த டம்ளருக்கு மேலாகச் சட்டப்படி போகலாம். அதே நேரத்தில் உங்கள் ட்ரோன் டம்ளருக்குள் மாட்டிக்கொள்ளும். “விமானம் போகிறதே, நான் போனால் என்ன?” என்ற கேள்விக்கு விடை இதுதான்.

நான்காவது எல்லையான நேரத்தைத்தான் நம்மவர்கள் அதிகம் மறக்கிறார்கள். சில வலயங்கள் நிரந்தரமானவை. சில, திருவிழாவுக்கோ முக்கியப் பிரமுகர் வருகைக்கோ மீட்புப் பணிக்கோ என்று சில நாட்களுக்கு மட்டும் முளைப்பவை. போன மாதம் பறந்த இடத்தில் இந்த மாதமும் பறக்கலாம் என்ற உத்தரவாதம் கிடையாது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு, ஏப்ரல் 25 அன்று, இலங்கை வான்பரப்பு முழுவதிலும் ட்ரோன்கள் பறப்பதற்குத் தடை விதிக்கப்பட்டது. அன்று நாடே ஒரு வலயமானது. முதல் நாள் வரை செல்லுபடியான அனுமதிப் பத்திரத்தைக் கையில் வைத்திருந்தவரும் ட்ரோனைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டியதாயிற்று.

இலங்கையில் இந்தப் பொறுப்பு சிவில் விமான சேவைகள் அதிகார சபையுடையது. 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமான சேவைகள் சட்டத்தின் கீழ் அது இயங்குகிறது. ட்ரோனை எடையின்படி வகுத்திருக்கிறார்கள்: 200 கிராம் வரை, ஒரு கிலோ வரை, 25 கிலோ வரை, அதற்கு மேல். 200 கிராமைத் தாண்டினால் பதிவு வேண்டும். இந்த எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. உலகெங்கும் விற்கும் சிறிய ட்ரோன்கள் பலவற்றின் எடை 249 கிராம். அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுபவர்களுக்குப் பதிவு 250 கிராமில்தான் தொடங்குகிறது. அதற்கு ஒரு கிராம் கீழே இருக்கட்டும் என்று அளந்து செய்த எடை அது. “இதற்குப் பதிவே வேண்டாம்” என்று வெளிநாட்டு யூடியூப் சொல்வதை நம்பி நுவரெலியாவில் ஏற்றினால், அந்த 49 கிராம் உங்களைப் பொலிஸ் நிலையத்தில் உட்கார வைக்கும்.

பதிவு செய்துவிட்டால் எங்கும் பறக்கலாம் என்றும் எண்ணிவிடாதீர்கள். வாகனம் பதிவாகியிருக்கிறது என்பதற்காக ஒருவழிப் பாதையில் எதிர்ப்பக்கம் ஓட்ட முடியாதல்லவா? தேசிய பூங்காவென்றால் வனஜீவராசிகள் திணைக்களம், புராதனச் சின்னமென்றால் தொல்பொருள் திணைக்களம், தோட்டமென்றால் தோட்ட நிர்வாகம் என்று, நிலத்துக்குப் பொறுப்பானவர்களின் சம்மதம் தனியாக வேண்டும்.

“தடை என்றால் ட்ரோனே கிளம்பாதே” என்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது. மிகப் பெரிய தயாரிப்பு நிறுவனமான டிஜேஐ, விமான நிலையம் போன்ற இடங்களின் எல்லைகளை மென்பொருளிலேயே பூட்டி வைத்திருந்தது. 2024இல் ஐரோப்பாவிலும் 2025 ஜனவரியில் அமெரிக்காவிலும் அந்தப் பூட்டை அது எடுத்துவிட்டது. திரையில் எச்சரிக்கை மட்டும் வரும், பறப்பதும் பறக்காததும் உங்கள் பொறுப்பு என்று ஆக்கிவிட்டது. அதற்கு முன்பும்கூட நம் ஊர் அணையும் கோயிலும் இராணுவ முகாமும் அந்த நிறுவனத்தின் வரைபடத்தில் சரியாக இருக்கும் என்று நம்பியிருக்க நியாயமில்லை. செயலி பச்சை காட்டுவது அரசாங்கம் கொடுத்த அனுமதி ஆகாது.

நம் பக்கத்து வானம்

மலையகத்தில் கவனமாக இருக்க வேண்டிய இடங்களை எண்ணத் தொடங்கினால் கண்டியில்தான் தொடங்க வேண்டும். தலதா மாளிகைமீது 1998 ஜனவரி 25 அன்று வெடிமருந்து நிரப்பிய லொறியால் தாக்குதல் நடந்தது. அதன் பிறகு மாளிகைக்கு முன்னால் உள்ள வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. தடுப்புகள் வந்தன, வருகிறவர்களைச் சோதிக்கும் வாயில்கள் வந்தன. இவை எல்லாம் நிலத்தில் வருபவரை எண்ணிச் செய்தவை. வாவிக்கு அக்கரையிலிருந்து கிளம்பும் ட்ரோன் இவை அனைத்துக்கும் மேலாக ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். மண்ணில் இவ்வளவு கெடுபிடி வைத்துவிட்டு வானத்தைத் திறந்து வைப்பதில் பொருளில்லை.

எசல பெரஹெரா நாட்களில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. வீதியின் இருமருங்கிலும் தோளோடு தோள் உரசும் கூட்டம், நடுவே வரிசையாக யானைகள், தீப்பந்தங்கள். அறுபது மீற்றர் உயரத்தில் ஒரு ட்ரோனின் பட்டரி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தரைக்கு வர மூன்றரை வினாடி போதும். காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால் மணிக்கு 120 கிலோமீற்றரைத் தொட்டிருக்கும். தடையைக் கழித்தாலும் ஒரு கிலோ எடையுள்ள பொருள் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. விழாமலே யானையின் காதருகே இரைந்தாலும் போதும். யானை மிரண்டால் கூட்டம் ஓடும். ஓட இடமில்லாத தெருவில் கூட்டம் ஓடுவதுதான் உண்மையான விபத்து.

அணைகளைப் பற்றி ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடலாம். விக்டோரியா அணை 122 மீற்றர் உயரமுள்ள கொங்கிரீட் வளைவு. கல்யாண ட்ரோன் அதில் மோதினால் உடையப் போவது ட்ரோன்தான். ஆகவே “அணை உடைந்துவிடும்” என்று பயமுறுத்துபவர்களை நான் நம்புவதில்லை. அப்படி மிகைப்படுத்தினால் சட்டத்தின்மேல் உள்ள மரியாதைதான் குறையும். அணைக்குப் பக்கத்தில் இருப்பவைதான் மெலிந்தவை. மின்நிலையத்தின் திறந்தவெளி மின்முற்றத்தில், உயர் அழுத்தக் கம்பிகளுக்கு நடுவே உலோகமும் காபன் நாரும் கொண்ட ஒரு பொருள் விழுந்தால் குறுக்குச்சுற்று ஏற்படலாம். ஒரு மின்நிலையம் தடங்கினால் எங்கோ ஒரு நகரம் இருட்டில் இருக்கும். காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, கெனியன், லக்சபான, நோர்ட்டன் என்று அடுத்தடுத்து அமைந்த நீர்த்தேக்கங்களும் மின்நிலையங்களும் நம் மலைகளில்தான் இருக்கின்றன. காவலரண் எங்கே, கதவை இயக்கும் அறை எங்கே, எந்த நேரம் ஆள் மாறுகிறார்கள் என்பதையெல்லாம் ஒரே காணொளியில் சேகரித்துவிடலாம் என்பது இன்னொரு கவலை. இவற்றுக்கு அப்பால், காசல்ரீ போன்ற நீர்த்தேக்கங்களில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய நீர்விமானங்கள் இறங்கியிருக்கின்றன. அவை இறங்கும்போது மிகத் தாழ்வாக வரும், அதாவது ட்ரோன் பறக்கும் அதே உயரத்தில்.

பிதுருதலாகலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2,524 மீற்றரில் நாட்டின் மிக உயர்ந்த இடம், தொலைக்காட்சி ஒலிபரப்புக் கோபுரமும் பாதுகாப்புப் படையினரும் உள்ள இடம். தியத்தலாவையில் இராணுவப் பயிற்சிக் கல்லூரி. பல்லேகலையில் சிறைச்சாலை; மதிலுக்கு மேலால் பொட்டலம் எறிகிற பழைய தொழிலை ட்ரோன் எவ்வளவு சுலபமாக்கும் என்பது யாருக்கும் விளங்கும்.

மலை உயரத்தை மாற்றிக் காட்டும்

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். இனிச் சொல்வது மேட்டு நிலத்தில் பறக்கவிடுபவர்களுக்கானது. கொழும்பில் கற்றுக்கொண்டு வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

ட்ரோனின் திரையில் 40 மீற்றர் என்று காட்டினால் அது எங்கிருந்து அளந்த 40? கீழே இருக்கிற நிலத்திலிருந்து என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நீங்கள் அதைக் கிளப்பிய இடத்திலிருந்து அளந்தது. கட்டுநாயக்கவில் இரண்டும் ஒன்றுதான், ஏனெனில் தரை சமம். தம்பேதன்னைக்கு மேலே லிப்டன் சீட்டில் நின்று கிளப்பி, பள்ளத்தாக்குப் பக்கம் ஓட்டினால் திரை தொடர்ந்து 40 என்றே சொல்லும். கீழே நிலமோ முந்நூறு மீற்றர் சரிந்திருக்கலாம். பல நாடுகளில் உள்ள 120 மீற்றர் வரம்பு நிலத்திலிருந்து அளக்கப்படுவது. திரையில் சட்டத்துக்கு உட்பட்டிருக்கும் நீங்கள் உண்மையில் ஹெலிகொப்டர்களின் பாதையில் இருப்பீர்கள்.

தலைகீழாகவும் நடக்கும். கொட்டகலைப் பள்ளத்தில் கிளப்பி 80 மீற்றரில் நிறுத்தி எதிரிலுள்ள மலை நோக்கி ஓட்டினால், மலை 150 மீற்றர் உயர்ந்து நிற்கும். திரை 80 என்று சொல்லிக்கொண்டே இருக்க, ட்ரோன் தேயிலைக்குள் போய்ச் சொருகிக்கொள்ளும். அங்கே யாராவது கொழுந்து பறித்துக்கொண்டிருந்தால்?

உயரத்தைத் தவறாக எண்ணுவதால் இந்த மலைகளில் என்ன நடக்கும் என்பதை நம் முந்திய தலைமுறை நேரில் கண்டிருக்கிறது. 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவிலிருந்து யாத்திரிகர்களுடன் கட்டுநாயக்கவை நோக்கி வந்த மார்ட்டின்எயார் டிசி-8 விமானம், மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதை விமானிகள் பிழையாகக் கணித்து, மலை இருக்கும் இடத்தில் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம். பயிற்சி பெற்ற விமானிகளுக்கே மலை இப்படிச் செய்யும் என்றால், போன வாரம் பெட்டியைப் பிரித்தவருக்கு அது செய்யாமலா இருக்கும்?

மலைக்கு அப்பால் போனவுடன் கட்டுப்பாட்டுச் சமிக்ஞை அறுந்துவிடும். ட்ரோன் பயன்படுத்தும் அலைகள் மலையைத் துளைத்துப் போகாதவை. சமிக்ஞை அறுந்தால் பெரும்பாலான ட்ரோன்கள் தாமாகவே வீடு திரும்பும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. முதலில் முன்பே குறித்த உயரத்துக்கு ஏறும், பிறகு நேர்கோட்டில் திரும்பி வரும். அந்த நேர்கோட்டில் தொழிற்சாலைப் புகைபோக்கி இருக்கிறதா, ஒரு மலை உச்சியிலிருந்து மறு உச்சிக்கு இழுத்த 132 கிலோவோல்ட் கம்பி இருக்கிறதா என்று பல இயந்திரங்களுக்குத் தெரியாது. தடைகளைக் காணும் கண்கள் உள்ளவையும் மெல்லிய கம்பியையும் மாலை நேரத்து மூடுபனியையும் கண்டு தடுமாறும். நுவரெலியாவில் மூடுபனி இறங்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை அங்கே துணி காயப்போடும் எவரிடமும் கேளுங்கள்.

காற்றும் மெலிகிறது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே எடையைத் தூக்க விசிறிகள் வேகமாகச் சுழல வேண்டும். பட்டரி சீக்கிரம் தீரும். கடற்கரையில் அரை மணி நேரம் பறந்த ட்ரோன் இங்கேயும் அரை மணி நேரம் பறக்கும் என்று கணக்குப் போட்டு ஓட்டினால், திரும்பி வரும் வழியில் அது எங்கே இறங்கும் என்பதை அதுவே முடிவு செய்யும். வலயத்துக்கு வெளியே கிளம்பிய ட்ரோன்கள் வலயத்துக்குள் விழுவதற்கு இதுவும் ஒரு வழி. எல்லைக்கோட்டை ஒட்டிப் பறக்காமல் நன்றாகத் தள்ளி நில்லுங்கள் என்று சொல்வதன் காரணம் இதுவே.

எந்தப் பட்டியலிலும் இல்லாத இடங்கள்

சட்டம் அணையையும் மாளிகையையும் முகாமையும் காக்கிறது. தோட்டத்து மக்களைக் கேட்டால் அவர்கள் வேறொரு பட்டியல் சொல்வார்கள், அதில் முதலிடம் பீலிக்கரைக்கு. லயத்துப் பெண்கள் இன்றும் பல தோட்டங்களில் திறந்தவெளிப் பீலியில்தான் குளிக்கிறார்கள். தகரமோ சேலையோ கட்டி வைத்திருக்கும் மறைப்பு பக்கவாட்டுக்குத்தான், மேலே வானம். அழகான தேயிலை மலையைப் படம் பிடிக்கிறேன் என்று ஒருவர் ஓட்டும் கமரா அந்த மறைப்பைக் கடந்து பார்த்துவிடுகிறது. நீர்மின் நிலையத்துக்கு ஒரு வலயம் போட முடிந்த நாட்டில் பீலிக்கரைக்கும் பிள்ளை மடுவத்துக்கும் மேலே பறக்காதே என்று ஒரு தோட்ட நிர்வாகம் பலகை வைப்பது பெரிய காரியமில்லை. மூன்று மொழியிலும் வைக்க வேண்டும். தமிழ் முதலில் இருந்தாலும் தப்பில்லை.

அடுத்தது குளவி. கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவிக் கொட்டுக்கு ஆளாகி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள் என்ற செய்தி நமக்குப் புதிதன்று; உயிர் போன செய்திகளும் உண்டு. கூடுகள் பெரும்பாலும் உயர்ந்த மரங்களிலும் அருவியின் பாறை முகப்பிலும் தொங்குகின்றன. நல்ல காட்சி வேண்டுமென்று ட்ரோன்காரர் நெருங்குவதும் அதே மரத்தையும் அதே பாறையையும்தான். விசிறிக் காற்றும் அதிர்வும் கூட்டைக் கலைத்துவிடக்கூடியவை. ட்ரோனுக்கு வலிக்காது. இயக்குபவரும் முந்நூறு மீற்றர் தள்ளி நிற்பார். கீழே மலையில் இடுப்பளவு செடிகளுக்கு நடுவே, முதுகில் சுமையோடு, சரிவில் ஓட முடியாமல் நிற்பவர் மாட்டிக்கொள்வார். அருவிப் பாறையை நெருங்கும் முன் கங்காணியிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். எந்தப் பாறையில் கூடு இருக்கிறது என்று அவருக்கு அத்துப்படி.

ஹெலிகொப்டர் வரும் நாள்

கடைசியாக, மலையகத்துக்கு மிகவும் பொருந்தும் தற்காலிக வலயம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. வீதிகள் அறுந்து ஊர்கள் தனித்துப் போயின. பல இடங்களுக்கு முதலில் எட்டியது ஹெலிகொப்டர்தான். அத்தகைய நாட்களில் ட்ரோனுக்கும் நல்ல வேலை உண்டு: சரிவின் உச்சியில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம், சிக்கியவர்களைத் தேடலாம். ஆனால் அது மீட்புப் பணியை நடத்துபவர்கள் அறிந்து, அவர்கள் சொன்ன நேரத்தில், சொன்ன உயரத்தில் பறக்கும் ட்ரோனாக இருக்க வேண்டும். வட்ஸ்அப் குழுவுக்குக் காணொளி அனுப்ப ஒருவர் தன் பாட்டுக்கு ஏற்றுகிற ட்ரோன் அந்த ஹெலிகொப்டரையே தரையில் நிறுத்தி வைக்கும்.

இதை மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்கள் லொஸ் ஏஞ்சலிஸில் நடந்ததைப் பார்க்கலாம். 2025 ஜனவரி 9 அன்று, காட்டுத்தீயை அணைக்க கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்து வந்திருந்த நீர் அள்ளும் விமானத்தின் இறக்கையில் ஒரு தனியார் ட்ரோன் மோதி ஓட்டை விழுந்தது. விமானம் பத்திரமாக இறங்கியது. ஆனால் தீ எரிந்துகொண்டிருந்த அந்த நாட்களில் அது பறக்க முடியாமல் பழுதுபார்க்கப்பட்டது. ட்ரோனை ஓட்டியவர் எரிப்புக்காரருமில்லை, எதிரியுமில்லை. வாகனத் தரிப்பிடம் ஒன்றின் மேல்தளத்தில் நின்று தீயைப் பார்க்க ஆசைப்பட்டவர். இரண்டரைக் கிலோமீற்றர் ஓட்டிவிட்டு ட்ரோன் எங்கே என்றே தெரியாமல் நின்றார். பிறகு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

நம் பள்ளத்தாக்குகளில் ஹெலிகொப்டர் கண்ணில் படுவதற்கு முன் காதில் விழும். ஓசை மலைகளில் எதிரொலிப்பதால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்வது கடினம். அது மலைமுகட்டைத் தாண்டித் தலைகாட்டும்போது உங்கள் ட்ரோனின் உயரத்தில்தான் இருக்கும். ஆகவே ஓசை கேட்டவுடன், திசையைத் தேடிக்கொண்டிருக்காமல், ட்ரோனை நின்ற இடத்திலேயே நேராகக் கீழே இறக்குங்கள். ஆளில்லாத தேயிலையில் இறங்கினாலும் பரவாயில்லை, பிறகு போய் எடுத்துக்கொள்ளலாம். பதற்றத்தில் பலரின் விரல் ‘வீடு திரும்பு’ பொத்தானுக்குத்தான் போகும். அதை மட்டும் அழுத்த வேண்டாம்: அந்தப் பொத்தான் பெரும்பாலும் ட்ரோனை முதலில் மேலே ஏற்றிவிட்டுத்தான் திருப்பும்.